முற்றத்தில் ஒரு திணை

நிலத்திற்கு மலரால் பெயரிட்டு வாழ்ந்தவர்கள் தமிழர்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சியாயின, காடு முல்லையாயிற்று, வயல் மருதமாயிற்று, கடற்கரை நெய்தலாயிற்று. எந்த மண்ணில் எது தானே வேரூன்றித் தழைக்கின்றதோ, அதுவே அம்மண்ணின் பெயராக விளங்கியது. இச்செய்தியை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் கற்பித்து வருகின்றோம். ஆயினும் பெரம்பலூரில் உள்ள எம் இல்லத்து முற்றம் எந்தத் திணையைச் சார்ந்தது என்று நெடுங்காலம் யாம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணத் தொடங்கியபோது அம்முற்றம் சிமெண்டால் மூடப்பட்டிருந்தது. மூடியவர்கள் யாமே.

எம் இளமையில் அம்முற்றம் எம் அன்னையாரின் ஆட்சியில் இருந்தது. 25 அடி நீளமும் 16 அடி அகலமும் கொண்ட கரிசல் மண். வாயிலருகே மருதாணி; அதனருகே ஆடாதொடை; கிணற்றோரம் எலுமிச்சைப்புல்; இடையிடையே நித்தியகல்யாணி, துத்தி, தும்பை, கற்றாழை. திருநீற்றுப்பச்சைக்குத் தனி மதிப்பு உண்டு. நோன்புக் காலத்தில் சர்பத்தில் ஊறவைக்கும் சப்ஜா விதை அதிலிருந்தே வரும். அம்மா அதனைத் தோட்டம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, 'செடிகொடி' என்பார். அஸர் தொழுகைக்குப் பின் முற்றத்தில் அமர்ந்து கீரை ஆய்வதும், அண்டை வீட்டார் வந்து இருமலுக்கு ஆடாதொடைத் தழை கேட்பதும் அன்றாடக் காட்சிகள்.

2012-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் அம்மா அம்முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் அடிபட்டார். கரிசல் மண் நனைந்தால் காலை விடாது என்பதை இவ்வூரார் அறிவர். அன்னையின் நலம் கருதி முற்றத்திற்குச் சிமெண்ட் தளம் இட்டோம். நலம் மட்டுமே காரணம் என்றால் பொய்யாகும். தெருவில் பிற இல்லங்களெல்லாம் தளமிட்டு விளங்க, எம் இல்லம் மட்டும் புதர் மண்டிக் கிடப்பதாக ஒரு கூச்சமும் எமக்கு இருந்தது. ஓரத்தில் விட்ட சிறு பகுதியில் கொரியப் புல்லை வாங்கிப் பதித்தோம். தொட்டிகளில் குரோட்டன்கள் வைத்தோம். பார்த்தவர் பாராட்டினர்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நாளடைவில் மாலை வேளையில் முற்றத்திற்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பகலெல்லாம் வெயிலை வாங்கிய தளம் மஃரிபுக்குப் பின்னும் கொதிக்கும். ஏன் வெளியில் அமர்வதில்லை என்று ஒருநாள் கேட்டோம். "தரை நல்லாத்தான் இருக்கு தம்பி. காலுக்குத்தான் வேற ஊரு மாதிரி இருக்கு" என்றார். அச்சொல்லின் பொருளை அன்று யாம் உணரவில்லை.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் தமிழகத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவை என அரசு அறிவித்தது. நாள்தோறும் நீர் கேட்கும் கொரியப் புல்லுக்கு எங்கிருந்து நீர் வார்ப்பது? பங்குனிக்குள் அது கருகிற்று. குரோட்டன்களும் பின்தொடர்ந்தன. எஞ்சியது தளம் மட்டுமே.

2019-ஆம் ஆண்டு ஆவணியில் அம்மா இறைவனடி சேர்ந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன். அவ்வாண்டு கார்த்திகையில், நல்ல மழைக்குப் பின், ஸியாரத் செய்ய மையவாடிக்குச் சென்றோம். உடன் எம் மாணவர் ஒருவர் வந்திருந்தார். அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரினர். ஆடு மேய்க்கும் குடும்பம்.

மையவாடி பூத்துக் கிடந்தது. இதைவிடச் சரியான சொல் எமக்குக் கிடைக்கவில்லை. மேலே மஞ்சள் பூத்த ஆவாரை. அதன் கீழே இடுப்பளவு உயரத்தில், நரி வால் போன்ற மென்மயிர்க் கதிர்களுடன் காற்றில் அலையும் ஒரு புல். புல்லினூடே வெண்ணிறத் தும்பை. எல்லாவற்றிற்கும் அடியில், தரையோடு படர்ந்து, சட்டைப் பொத்தானினும் சிறிய நீல மலர். எவரும் நடவில்லை, எவரும் நீர் வார்க்கவில்லை, எவரும் வரிசை வகுக்கவில்லை. ஆயினும் உயர்ந்தது உயரத்திலும், தாழ்ந்தது தாழ்விலும், ஒன்றன் நிழலில் ஒன்று இடம்பெற்று நின்றன. அம்மாவின் முற்றம் இப்படித்தான் இருந்தது என்று அப்போது நினைவு வந்தது.

புல்லின் பெயர் என்ன என்று வியந்தபோது, "கொழுக்கட்டைப் புல் ஐயா; ஆடு விரும்பித் தின்னும்" என்றார் மாணவர். நீலப் பூ விஷ்ணுகிராந்தி என்றார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களை ஆண்டுதோறும் பாடம் நடத்தும் யாம், அவற்றுள் கண்ணால் அடையாளம் காண வல்லவை இருபது தேறா. உரைநூல்கள் 'ஒரு வகைப் பூ' என்று கூறுவதை அவ்வாறே ஒப்பித்து வந்தோம். பாடத்தை யாம் கற்பித்த மாணவர், பாடத்தின் பொருளை எமக்குக் கற்பித்தார். வெட்கம் மிகுந்தது, நன்றியும் மிகுந்தது.

பின்னர்ச் சில நூல்களைத் தேடிப் படித்தோம். யாம் மையவாடியில் கண்டதை மேலைநாட்டார் ஒரு தோட்டக் கலையாகவே வளர்த்திருக்கின்றனர் என அறிந்தோம். அயர்லாந்தில் பிறந்த வில்லியம் ராபின்சன் 1870-இல் 'காட்டுத் தோட்டம்' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டு, பருவந்தோறும் பிடுங்கி நடும் பாத்திகளை எதிர்த்தார். செருமானியரான கார்ல் ஃபோர்ஸ்டர் பல்லாண்டுச் செடிகளையும் புற்களையும் தோட்டத்திற்குள் அழைத்து வந்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த பீட் அவுடோல்ஃப் 1982 முதல் ஹம்மெலோ என்னும் சிற்றூரில் நாற்றங்கால் அமைத்து, இக்கலையை உலகறியச் செய்தார். நியூயார்க்கு நகரில் கைவிடப்பட்ட உயர்நிலை இருப்புப்பாதை ஒன்றில் புல்லும் செடியும் தாமே முளைத்து அழகு செய்தன. அவ்வழகையே முன்மாதிரியாகக் கொண்டு, அவுடோல்ஃபின் நடவுத் திட்டத்துடன், 2009-இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட இடமே அவர்களுக்கும் ஆசானாக அமைந்தது.

அவர்கள் கூறும் நெறி எளியது. செடியைத் தனித்தனியே அலங்காரப் பொருளாக நடாமல், கூடி வாழும் குடியாக நட வேண்டும். தரையை மூடிப் படர்வன ஓர் அடுக்கு; அதன்மேல் தொகுதி தொகுதியாக எழும் புற்கள் ஓர் அடுக்கு; பருவந்தோறும் பூப்பன ஓர் அடுக்கு; ஆண்டு முழுதும் உருவம் குன்றாது நிற்கும் குறுஞ்செடிகள் ஓர் அடுக்கு. மண் வெளியில் தெரியாதவாறு நெருக்கமாக நட்டால் ஈரம் காக்கப்படும், களைக்கு இடமிராது. பூ உதிர்ந்தபின் தண்டையும் கதிரையும் உடனே வெட்டாமல் விட வேண்டும். விதை பறவைக்கு; தண்டு பூச்சிக்கு; உலர்ந்த வடிவம் கண்ணுக்கு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அரிந்தால் போதும்.

இதனைப் படித்தபோது நம் முன்னோரின் திணைக் கோட்பாடே நினைவில் எழுந்தது. கருப்பொருளில் மரமும் பூவும் புள்ளும் விலங்கும் ஒருங்கே வைத்து எண்ணப்படுகின்றன. தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வயிரமுடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையனவற்றை மரம் என்றும் வகுத்து, தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினம் எனக் கொள்ள வழிவகுத்தார். கபிலர் தம் மலர்ப் பட்டியலில் ஆவிரைக்கும் தும்பைக்கும் இடமளித்தார். நாணல் கோரை இனத்தது எனக் கருதப்படும் எருவையையும் ஒதுக்கவில்லை. புறத்திணையில் நேருக்கு நேர் நின்று பொரும் போருக்கு, வேலியோரத் தும்பையின் பெயரையே சூட்டினர். புல்லை இழிந்தது என்று பிடுங்கி எறியும் வழக்கத்தை இவற்றில் யாம் காணவில்லை. அது சிமெண்டோடு வந்தது போலும்.

சிமெண்டைப் பற்றி ஒரு சொல். எம் முற்றத்தை மூடிய பொருளின் பிறப்பிடம் தொலைவில் இல்லை. அரியலூர்ப் பகுதி முன்னொரு காலத்தில் கடலடியாக இருந்தது. அக்கடலில் படிந்த சுண்ணாம்புக் கல்லே இன்று வெட்டியெடுக்கப்பட்டுச் சிமெண்டாகின்றது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் பலர் கண்டிருப்பீர். 1940-இல் புவியியலறிஞர் எம்.எஸ்.கிருட்டிணன் கண்டறிந்த அம்மரம் 18 மீட்டர் நீளமுடையது. சுமார் 12 கோடி ஆண்டுகள் பழமையானது என்பர். அது பூவாத ஊசியிலை மர இனத்தது. அம்மரமும் அக்கடலும் சேர்ந்த கிரிட்டேசியஸ் காலத்திலேதான் பூக்கும் தாவரங்கள் உலகெங்கும் பரவின. மகாராட்டிர மாநிலத்துப் பிசுதுராவில் கிடைத்த டைனோசர்ச் சாணப் படிவங்களில் புல்லின் மணிக்கற்கள் இருப்பதை அறிவியலார் 2005-இல் வெளிப்படுத்தினர். பூவும் புல்லும் உலகில் அடியெடுத்து வைத்த காலத்துக் கல்லைப் பொடித்து, அப்பூவையும் புல்லையும் யாம் மூடினோம்!

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றால் கல்லூரி மூடிக் கிடந்தது. வைகாசியில் தளத்தின் பாதியை உடைத்தோம். நடைபாதையும், முதியோர் கால் வழுக்காது வந்து செல்லும் இடமும் அவ்வாறே இருக்க, 200 சதுர அடி மண் வெளிப்பட்டது. கட்டிகளை அகற்றி, மண்ணைக் கொத்தி, முதல் மழைக்குக் காத்திருந்து ஆடியில் நட்டோம். மேலடுக்கில் ஆவாரை, நொச்சி, மருதாணி. இடையில் கொழுக்கட்டைப் புல், வெட்டிவேர், எலுமிச்சைப்புல். அவற்றினூடே நித்தியகல்யாணி, துத்தி, திருநீற்றுப்பச்சை, தும்பை. அடியில் விஷ்ணுகிராந்தி, பொடுதலை, அறுகு. வேலியில் சங்குப்பூ. ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டாக நடாமல் மூன்றும் ஐந்துமாகத் தொகுத்து, அதே தொகுதி மீண்டும் சற்றுத் தள்ளி வருமாறு அமைத்தோம். பாதியளவு புல்லே. புல்தான் இத்தோட்டத்தின் பா. பூ அதில் ஓடும் ஊடு. விதையும் நாற்றும் மாணவர் கொணர்ந்தவை. காட்டிலிருந்து வேரோடு எதையும் பெயர்க்கலாகாது என்பது அவர் விதித்த கட்டளை.

யாம் செய்த பிழைகளையும் கூறல் கடன். நீர் நிற்கும் இடத்தில் செழிக்கும் வல்லாரையை வெயிலில் நட்டோம். பத்து நாளில் மாண்டது. செங்காந்தள் நட விரும்பினோம். மழையில் எழுந்து கோடையில் கிழங்காக உறங்கும் அழகிய கொடி அது. ஆயின் அதன் கிழங்கு கடும் நஞ்சு. சிறுவர் நடமாடும் இல்லத்திற்கு ஆகாது என்று விட்டோம். முதல் ஆண்டு களையெடுப்பே பெரும்பாடு. 1950-களில் புனேயில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியமும், சீமைக்கருவேல முளைகளும் ஓயாமல் எழுந்தன. இயற்கைத் தோட்டம் என்பது கைகழுவி விடுவதன்று. அம்மா நாள்தோறும் அமர்ந்து கீரை ஆய்ந்தபோதே கையெட்டிய களையையும் பிடுங்கி வந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. அமெரிக்கக் கண்டத்துப் பார்த்தீனியம் நமக்குத் தொல்லையாவது போன்றே, நம் கொழுக்கட்டைப் புல் ஆஸ்திரேலியாவில் அடக்கவொண்ணாக் களையாகத் திரிகின்றது. எச்செடியும் பிறப்பால் தீயதன்று. தன் மண்ணில் இருக்கும்வரை அதற்குரிய எல்லையை மண்ணே வகுக்கின்றது.

மேலைநாட்டார் நெறியில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டோம். அவர்கள் தோட்டம் பனிக்காலத்தில் உலர்ந்து நிற்கும். நம் தோட்டம் அக்கினி நட்சத்திரத்தில் உலர்ந்து நிற்கும். ஆகவே அரிவாளுக்குரிய காலம் ஆடியே. சித்திரையில் வைக்கோல் நிறமாகும் புல்லைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பட்டது போல் தோன்றும் தூர், முதல் மழைக்கு மூன்றாம் நாள் பச்சை காட்டும். சுவரையொட்டி மூன்றடி வெற்றிடம் விட்டால் பாம்பென்னும் அச்சம் குறையும். உலர்ந்த காலத்தில் தீப்பொறிக்கும் அது காப்பு.

முதற் கோடையில் பெரியவர் ஒருவர் வாயிலில் நின்று, "வீட்டில் எல்லாரும் நலம்தானே?" என்று கவலையோடு வினவினார். முற்றம் பாழடைந்து கிடப்பதாக அவர் கருதிவிட்டார். அமெரிக்க அறிஞர் ஜோன் நாசாவர் 1995-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு மருந்து கூறியிருந்தது: ஒழுங்கற்றதாகத் தோன்றும் இயற்கைக்கு ஒழுங்கான சட்டகம் வேண்டும். செங்கல்லால் விளிம்பு கட்டினோம்; பாதையை நாள்தோறும் கூட்டினோம். அதே பெரியவர் அடுத்த ஆண்டு துத்தி விதை கேட்டு வாங்கிச் சென்றார்.

பயன் என்ன என்று மாணவர் வினவுவர். 200 சதுர அடி நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 185 லிட்டர் நீர். முன்னர் அது தெருவுக்கு ஓடியது. இன்று மண்ணுக்குள் இறங்குகின்றது. வெட்டிவேர் பல அடி ஆழம் வேரோடி, நீருக்கு வழிகாட்டுகின்றது. கோடையின் கடுமையில் மட்டும் வாரம் ஒருமுறை நீர் வார்க்கின்றோம். ஆவாரை இலையில் முட்டையிட வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. புள்ளிச் சில்லைகள் புற்கதிரில் தொங்கி விதை கொத்துகின்றன. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய பொருள். அந்நபிமொழியைப் பழமரங்களுக்கே உரியதாக எண்ணியிருந்தோம். சில்லை கொத்தும் புல்விதையும் அதில் அடங்கும் என்று இன்று நம்புகின்றோம்.

இறுதியாகப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். மையவாடியில் களைக்கொல்லி தெளித்து, முழுவதும் கல் பாவலாம் என்னும் கருத்து இவ்வாண்டு எம் ஜமாஅத்துக் கூட்டத்தில் எழுந்தது. தூய்மை கருதிய நல்லெண்ணமே அது. எம் முற்றத்தைத் தளமிட்டபோது எமக்கு இருந்ததும் அத்தகைய எண்ணமே. பாதைகளைத் திருத்துவோம், பார்த்தீனியத்தையும் கருவேலத்தையும் வேரோடு களைவோம், ஏனையவற்றை விதை உதிர்ந்தபின் ஆடியில் ஒருமுறை அரிவோம் என்று வேண்டினோம். நெடிய உரையாடலுக்குப் பின், கீழ்ப்பகுதியை மட்டும் ஓராண்டு அவ்வாறு விட்டுப் பார்க்க இசைந்துள்ளனர். அரியும் பணிக்கு எம் மாணவர் சிலர் பெயர் தந்துள்ளனர்.

அக்கீழ்ப்பகுதியில்தான் அம்மா உறங்குகின்றார். தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில் காலுக்கு வேற்றூராகிப்போன ஒரு தளத்தை அவருக்கு யாம் தந்தோம். அவர் ஊரை அவருக்குத் திருப்பித் தந்தது மழையும் புல்லும். எஞ்சிய பாதி முற்றத்தையும் வரும் வைகாசியில் உடைக்க எண்ணியுள்ளோம். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டு வாயிலில் ஒரு முழ மண் இருந்தாலும் போதும். அது எந்தத் திணை என்று முதலில் கேளுங்கள். ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். உங்கள் அன்னையரிடம், அவர்கள் இருக்கும்போதே, கேளுங்கள்.

வல்ல இறைவன் நம் மண்ணில் மழையும், நம் மனத்தில் ஈரமும் தந்தருள்வானாக.